சுக்கானிக்கு வேண்டியது இரண்டு நெம்புகோலும் ஓர் அபாயமணியும்

பழைய பாய்மரப் படகை வாங்கிப் புதுப்பிக்கிறவர்களிடையே ஒரு கருத்து கேள்வி கேட்பாரின்றி நடமாடுகிறது. எஞ்சினுக்குரிய அத்தனையையும் ஸ்டியரிங் சக்கரம் பொருத்தியிருக்கும் தூணுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அந்தக் கருத்து. சாவி, ஸ்டார்ட் பொத்தான், ஆர்.பி.எம். மீட்டர், ஆயில் பிரஷர் மீட்டர், வெப்பமானி, த்ராட்டில், கியர், எஞ்சினை நிறுத்தும் பிடி என எல்லாமே அங்கே வர வேண்டுமாம். சுக்கானி நின்ற இடத்தைவிட்டு அசையாமல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் தொட வேண்டும். பட்டறைக்காரர் இதையே சொல்கிறார். தூணின் தலையில் மாட்டும் பெட்டிகளை விற்கிறவரும் இதையே சொல்கிறார். புதுப் படகுகளின் விளம்பரப் படங்களும் இதையே காட்டுகின்றன. இந்த வருஷம் செய்வதா, பணம் சேர்த்து அடுத்த வருஷம் செய்வதா என்பதைத் தாண்டி யாரும் இதை விவாதிப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் கருத்து தவறு. த்ராட்டிலும் கியரும் சுக்கானியின் கைக்கு வரத்தான் வேண்டும், அதில் சண்டையில்லை. மீட்டர்களும் சாவியும் அங்கே வரக்கூடாது. அவை போக வேண்டிய திசை நேர் எதிரானது. எஞ்சின் இருக்கும் பக்கமாக, கேபின் வாசலை ஒட்டிய சுவருக்கு அவை போக வேண்டும். மீட்டர்களுக்குப் பதிலாகச் சுக்கானியிடம் போய்ச் சேர வேண்டியது அபாயமணியின் சத்தம்.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரு படகை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் ஃபிராங்க் பட்லரின் கேட்டலினா நிறுவனம் 1970களின் நடுவிலிருந்து 2008 வரை கட்டிய கேட்டலினா 30. ஆறாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டவை. அமெரிக்கக் கடற்கரையில் எந்தப் படகுத்துறைக்குப் போனாலும் ஒன்றாவது கண்ணில்படும். நடுத்தர வருமானக்காரர் வாங்கி, வார இறுதிகளில் தானே சீரமைக்கும் படகு இது. ஆரம்பகாலத்தில் வந்தவற்றில் ஆட்டமிக் 4 என்ற பெட்ரோல் எஞ்சின் இருந்தது. பிறகு யுனிவர்சல் டீசல் வந்தது. அதன் அடிப்படை குபோட்டா எஞ்சின். எது இருந்தாலும் எஞ்சின் கேபினுக்குள்தான், சுக்கானியின் காலடியிலிருந்து வெகுவாக முன்தள்ளி இருக்கிறது. இந்தத் தூரம்தான் என் வாதத்துக்கு ஆதாரம்.

அந்தக் காலப் படகுகளில் மீட்டர் பலகை இருந்த இடம் மோசம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். காக்பிட்டின் கால்வைக்கும் பள்ளத்தில், பக்கச்சுவரில், முழங்காலுக்கும் கீழே அதைப் பொருத்திவிட்டார்கள். பாய்க்கயிறு அங்கேதான் சுருண்டு கிடக்கும். பூட்ஸ் உதைக்கும் இடமும் அதுதான். அலை உள்ளே வந்தால் முதலில் நனைவதும் அதுதான். சாவித்துளைக்குள் உப்பு படிந்து சாவி திரும்ப மறுக்கும். மீட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் ஈரம் பூத்து முள் தெரியாது. இதை நகர்த்த வேண்டும் என்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு. எங்கே நகர்த்துவது என்பதில்தான் பிரிகிறேன்.

முதலில் மின்சாரம். யுனிவர்சல் டீசல் வந்த பழைய படகுகளில் பலகையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாக இரண்டு தடித்த கம்பிகள் அம்மீட்டரின் முதுகில் திருகப்பட்டிருக்கும். ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்யும் மின்சாரம் முழுவதும் ஆரஞ்சுக் கம்பி வழியாகக் காக்பிட் வரை வந்து, அம்மீட்டருக்குள் புகுந்து, சிவப்புக் கம்பி வழியாகத் திரும்ப எஞ்சினுக்குப் போய், அங்கிருந்து பேட்டரிக்குப் போகிறது. பேட்டரி எவ்வளவு வாங்குகிறது என்று ஒரு முள் காட்டுவதற்காக இத்தனை பயணம். வழியில் இரண்டு இடங்களில் ரப்பர் பிளக்குகள், காரின் பின்னால் டிரெய்லர் விளக்குக்கு மாட்டுவது போன்றவை. அந்தப் பிளக்கை இழுத்துப் பிரித்துப் பாருங்கள். பித்தளை ஊசிகளில் பச்சை பூத்திருக்கும், ஆரஞ்சுக் கம்பியின் ஊசியைச் சுற்றி மட்டும் ரப்பர் பழுத்து இறுகியிருக்கும். மின்தடை கூடிச் சூடேறியதன் அடையாளம் அது. அந்தப் படகுக்காரர்கள் நடுவே இது ஊரறிந்த கோளாறு. அம்மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் வைக்கவும், பிளக்குக்குப் பதிலாக டெர்மினல் பட்டை போடவும் தனித் தொகுப்பே விற்பனைக்குக் கிடைக்கிறது.

இப்போது இந்தப் பலகையை அப்படியே தூணுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். பள்ளத்தின் தரைக்கடியில் ஓடி, தூணின் அடிக்கு வந்து, மேலே ஏற வேண்டும். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10-ஆம் கேஜ் செம்புக் கம்பியில் 6 மீட்டருக்கு ஏறக்குறைய 0.02 ஓம் தடை. 50 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் அங்கேயே செத்துவிடும், 50 வாட் சூடாக மாறும். ஆல்டர்னேட்டர் தன் வாசலில் 14.2 வோல்ட் அளந்து திருப்தியடைந்திருக்கும்போது பேட்டரிக்குக் கிடைப்பது 13.2 வோல்ட். பேட்டரி லேசில் நிரம்பாது. அப்புறம் "பேட்டரி சரியில்லை" என்று புது பேட்டரி வாங்குவார்கள்.

டீசலுக்கு முன்சூடேற்றும் க்ளோ பிளக்கிலும் இதே கதை. மூன்று சிலிண்டர் யுனிவர்சலில் மூன்று பிளக்கும் சேர்ந்து 25, 30 ஆம்பியர் வரை இழுக்கும். சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10 வந்தால் சூடு பத்தில் ஏழு பங்காகக் குறைந்துவிடும், மூன்று பங்கு போச்சு. குளிர்காலக் காலையில் எஞ்சின் கிளம்ப மறுப்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். ஸ்டார்ட்டர் சோலனாய்டுக்கும் அப்படியே. பொத்தானை அழுத்தினால் "க்ளிக்" என்ற சத்தம் மட்டும் கேட்கும். மெக்கானிக் ஸ்டார்ட்டரைக் கழற்றி மேசையில் வைத்துப் பேட்டரியில் நேராக இணைத்தால் அது உற்சாகமாகச் சுற்றும். கோளாறு கம்பியில் இருக்கிறது.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நியாயமான பதில் வைத்திருக்கிறது. "அம்மீட்டரைத் தூக்கிப் போடு, ஸ்டார்ட்டருக்கும் க்ளோ பிளக்குக்கும் எஞ்சின் பக்கத்திலேயே ரிலே வை. தூணுக்குப் போவது மெல்லிய சமிக்ஞைக் கம்பிகள் மட்டுந்தானே, அதில் என்ன கேடு?" என்கிறார்கள். அம்மீட்டரைத் தூக்குவதும் ரிலே வைப்பதும் எங்கே பலகை இருந்தாலும் செய்ய வேண்டியவை. பலகையைத் தொடாமல் அதை மட்டும் செய்து முடித்தாலே புதுப்பிப்பின் பெரும்பயன் கிடைத்துவிடும். ஆனால் அதோடு தூணின் குறைகள் தீரவில்லை. மீட்டர்கள் எல்லாம் ஒரே எர்த் கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கம்பி நீண்டு, தூணின் அடியில் ஓர் இணைப்பும் தலையில் ஓர் இணைப்பும் கூடி, அங்கே உப்பு ஏறினால், இரவில் மீட்டர் விளக்கைப் போட்ட மாத்திரத்தில் வெப்பமானியின் முள்ளும் ஆயில் முள்ளும் சேர்ந்து நகரும். எஞ்சினில் ஒன்றும் நடந்திருக்காது. பொய் சொல்லும் மீட்டரை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு என்ன பயன்?

தூணுக்குப் பொருந்தும் அழகான சின்ன மீட்டர்களைத் தேடி வாங்குவதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டீசல் தொட்டிக்கு அமெரிக்க வழக்கப்படி வரும் உணரி காலியாக இருக்கும்போது 240 ஓம், நிறைந்தால் 33 ஓம் காட்டும். ஐரோப்பிய உணரி காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒன்றின் உணரியை மற்றதன் மீட்டரோடு இணைத்தால் தொட்டி தலைகீழாகப் பேசும். மீட்டரை மாற்றுகிறவர் உணரியையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அடுத்து திசைகாட்டி. தூணின் உச்சி திசைகாட்டியின் இடம், அதற்காகவே படைக்கப்பட்டது. இரும்பும் மின்சாரமும் தன்னருகே வரக்கூடாது என்பதுதான் திசைகாட்டி நம்மிடம் கேட்கும் ஒரே மரியாதை. ஒற்றைக் கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் 20 சென்டிமீட்டர் தள்ளி அது உண்டாக்கும் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் திசைகாட்டியை வடக்கே திருப்பும் பூமியின் கிடைமட்டப் புலம் 22, 23 மைக்ரோடெஸ்லாதான். போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் நெருக்கமாக முறுக்கிவிட்டால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். ஆனால் மீட்டரின் முதுகில் அவை பிரிந்துதான் ஆக வேண்டும், முள்ளை நகர்த்தும் காந்தமும் மீட்டருக்குள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அபாயமணியின் ஒலிபெருக்கியில் காந்தம் இருந்தால் இன்னும் மோசம்.

இதில் நயவஞ்சகமான பகுதி ஒன்று உண்டு. திசைகாட்டியின் விலகல் அட்டவணை தயாரிக்கும் நாளில் எஞ்சினை அணைத்துப் பாய்விரித்துச் சுற்றி வந்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் ஏறி இறங்க, விலகலும் ஏறி இறங்கும். கோல்டன் கேட் வழியாகக் கோடைப் பனிமூட்டம் உள்ளே புகும் நாளில் காற்று விழுந்தால் பாய்க்கு வேலையில்லை. எஞ்சினைப் போட்டு மெல்ல வர வேண்டிய நேரம் அது. திசைகாட்டியை நம்பியாக வேண்டிய அந்த நேரம் பார்த்துத்தான் அது தவறும். "ஜி.பி.எஸ். இருக்கிறதே" என்பார்கள். மின்சாரம் போனபிறகும் வேலைசெய்ய ஒரு கருவி வேண்டும் என்பதற்காகத்தான் படகில் திசைகாட்டியை இன்னமும் வைத்திருக்கிறோம். மின்சாரத்தைக் கொண்டுபோய் அதன் கழுத்தில் கட்டுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

தூணின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பலர் பார்ப்பதேயில்லை. திசைகாட்டியைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் சக்கரத்தின் அச்சில் பல்சக்கரம், அதன்மேல் சைக்கிள் செயினைவிடத் தடித்த செயின், செயினின் இரு முனையிலிருந்தும் கீழே இறங்கும் எஃகுக் கம்பிவடம், கூடவே த்ராட்டில், கியர் கம்பிகள் எல்லாம் தெரியும். இந்த நெரிசலில் ஒயர்க்கட்டு ஒன்றைத் தொங்கவிட்டால் அது என்றாவது செயினில் மாட்டும். மாட்டும் நாளில் சுக்கான் இறுகும். 1859 முதல் மசாசூசெட்ஸில் இயங்கும் எட்சன் நிறுவனத்தின் தூண்கள்தான் இந்தப் படகுகளில் பெரும்பாலும் இருக்கின்றன. அந்தத் தூணுக்கு முன்னால் வளைந்து நிற்கும் காப்புக்குழாய் வழியாக ஒயர்களை ஏற்ற வேண்டும் என்பதே முறை. பழைய காப்புக்குழாய் ஓர் அங்குல விட்டம். ஆழமானி, காற்றுமானி, ஜி.பி.எஸ். ஒயர்கள் ஏற்கெனவே அதில் புகுந்திருக்கும். எஞ்சின் ஒயர்க்கட்டுக்கு அதில் இடமில்லை. ஒன்றேகால் அங்குலக் குழாய்க்கு மாற்றலாம். அதற்குத் தூணின் தலையையும் அடித்தட்டையும் தோண்ட வேண்டும். இவ்வளவையும் செய்வது எதற்காக?

சுக்கானி மீட்டரைப் பார்ப்பதற்காக என்கிறார்கள். சுக்கானி மீட்டரைப் பார்ப்பதில்லை என்பதுதான் உண்மை. துறைமுக வாயிலில் எதிரே வரும் படகைப் பார்க்கிறவர், காற்றில் பக்கவாட்டில் இழுபடும் படகைத் துறையில் கட்ட வருகிறவர், இடுப்புயரத்தில் இருக்கும் இரண்டங்குல வட்டத்தைக் குனிந்து பார்க்கமாட்டார். பார்க்கவும் கூடாது. எஞ்சினில் கோளாறு வந்தால் அதைக் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியது காது. ஆயில் அழுத்தம் 5 முதல் 10 பவுண்டுக்குக் கீழே விழுந்தால் மூடும் சுவிட்ச் ஒன்று, தண்ணீர் வெப்பம் வரம்பு தாண்டினால் மூடும் சுவிட்ச் ஒன்று, இரண்டும் ஒரே அபாயமணியோடு இணைந்திருக்க வேண்டும். இதுதான் எஞ்சினைக் காப்பாற்றும் ஏற்பாடு. தொழிற்சாலையில் இந்த மணியைப் பலகையின் முதுகிலேயே ஒட்டிவிட்டார்கள். காக்பிட் சுவருக்குப் பின்னால், சாமான் அறைக்குள் அது முனகும். டீசல் சத்தத்தில் சுக்கானிக்குக் கேட்காது. பலகையைத் தூணுக்கு நகர்த்தப் பணம் செலவழித்த பல படகுகளில் இந்த மணி இன்னும் பழைய இடத்தில் முனகிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஆற்றாமை வருவது இங்கேதான். வேலையில் மிக மலிவான பகுதி, உயிரான பகுதி, அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மணி அடிப்பதற்கு முன்பே மீட்டர் காட்டிக்கொடுத்துவிடுமே என்று கேட்கலாம். அந்தத் தரப்பின் வலுவான கேள்வி இது, தட்டிக்கழிக்கக் கூடாது. வெப்பமானி மெதுவாக ஏறுவதைப் பார்த்தவர் மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே எஞ்சினைக் குறைத்திருப்பார். ஆர்.பி.எம். மீட்டரும் அப்படியே. ஆல்டர்னேட்டரிலிருந்து சமிக்ஞை எடுக்கும் மீட்டர் பெல்ட் அறுந்ததும் சுழிக்கு விழும். அதே பெல்ட் எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பையும் ஓட்டுகிறது என்பதால் சூடேறப்போகிறது என்ற செய்தி அப்போதே கிடைத்துவிடும். எல்லாம் சரி. ஆகவே மீட்டர் சுக்கானியின் பார்வைக்குள் இருக்கட்டும். கைக்குள் இருக்கத் தேவையில்லை. கேபினின் பின்சுவர், வாசலுக்குப் பக்கத்தில், சுக்கானியை நேருக்குநேர் பார்க்கிறது. 30 அடிப் படகின் காக்பிட்டில் சக்கரத்திலிருந்து அந்தச் சுவருக்கு இரண்டு எட்டு தூரம்தான். முன்னால் பார்த்தபடி ஓட்டுகிறவரின் கண்வழியிலேயே அது இருக்கிறது. குனியவும் வேண்டாம். வாசலுக்கு மேல் கட்டும் துணிக்கூரையின் நிழலும் மறைப்பும் அதற்கு உண்டு, மழையும் அலைத்தெறிப்பும் அங்கே அரிதாகத்தான் எட்டும். எஞ்சின் அந்தச் சுவருக்கு மறுபக்கம் கேபினுக்குள் இருப்பதால் கம்பியும் பழையதைவிடக் குறுகும். மூன்று அங்குல முகமுள்ள பெரிய மீட்டராக வாங்கி அங்கே வையுங்கள்.

எந்த மீட்டரும் காட்டாத ஒன்றும் இருக்கிறது. கடல்நீரை இழுக்கும் குழாயில் பிளாஸ்டிக் பையோ பாசியோ அடைத்தால் புகைக்குழாய்க்குப் போகும் நீர் நின்றுவிடும். எஞ்சினுக்குள் சுற்றும் குளிர்நீர் சூடேறச் சில நிமிடம் ஆகும், அதற்குள் ரப்பர் புகைக்குழாய் வெந்துபோகும். குளிர்நீரே கசிந்து காலியாகிவிட்டால் உணரி வெறும் ஆவியில் தொங்கி, வெப்பத்தைச் சரியாகச் சொல்லாமல் போகவும் கூடும். சுக்கானியிடம் இதற்கொரு கருவி ஏற்கெனவே இருக்கிறது: படகின் பின்பக்கத்தில் புகைவாயில் துப்பும் தண்ணீர். எஞ்சின் கிளம்பியதும் திரும்பிப் பார், அவ்வப்போதும் பார். துப்பல் நின்றால் சத்தம் வறண்டு கரகரக்கும், காது பழகியவருக்கு உடனே தெரியும். புகைக்குழாயில் ஒரு வெப்ப உணரியைக் கட்டி அதே மணியோடு இணைத்தால் காது பழகாதவருக்கும் தெரியும். தூணில் பெட்டி வைக்கும் செலவில் ஒரு சிறுபங்கு போதும் இதற்கு.

சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாவி கேபின் வாசலில் இருக்க வேண்டும் என்பதற்கு ஆட்டமிக் 4 வைத்திருப்பவர்களே சாட்சி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். எஞ்சின் அறையின் காற்றை வெளியேற்றும் மின்விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டிவிட்டு, வாசலில் மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். சாவி தூணில் இருந்தால் மூக்கு அங்கே போகாது. விசிறி சுவிட்ச் ஓரிடத்திலும் சாவி வேறிடத்திலும் இருந்தால் அவசரத்தில் ஒன்று விட்டுப்போகும், பெட்ரோலில் அந்த ஒன்று வெடிப்பாக முடியும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், வாசலில் இருக்கட்டும். டீசலுக்கு வெடி பயம் இல்லையென்றாலும் ஒழுங்கு அதுவேதான். கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா, பேட்டரி சுவிட்ச் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் வாசலில் நின்று உள்ளே பார்த்தால் தெரியும். நிறுத்தும்போதும் அங்கேயே நின்று நிறுத்தும் பிடியை இழுத்து, எஞ்சின் நின்றபின் சாவியை அணைத்து, அப்புறம் பேட்டரி சுவிட்சுக்குப் போகலாம். ஓடும் எஞ்சினில் பேட்டரி சுவிட்சை அணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும். எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் வரிசை தப்பாது. நிறுத்தும் பிடி மின்சாரம் வேண்டாத பழைய கம்பிப் பிடியாகவே இருக்கட்டும், பொத்தானாக மாற்றாதீர்கள்.

"தனியாக ஓட்டுகிறவன் நான். பாறைக்கருகே காற்று விழுந்தால் சக்கரத்தைவிட்டு வாசலுக்கு ஓட முடியுமா?" என்று கேட்பவர் உண்டு. பாறைக்கருகே போகும் முன்பே எஞ்சினைக் கிளப்பி நியூட்ரலில் ஓடவிடுவதுதான் தனியாக ஓட்டுகிறவரின் முதல் விதி. கிளம்பாத எஞ்சினை நம்பிப் பாறைக்கருகே போனவருக்கு முழங்கை தூரத்தில் ஸ்டார்ட் பொத்தான் இருந்தாலும் கிளம்பாத எஞ்சின் கிளம்பாததுதான். சக்கரத்தில் இறுக்கும் பிரேக் இருக்கிறது, இரண்டு எட்டுதான் தூரம். இதற்குமேலும் மனம் கேளாதவர்கள் சாவியும் மீட்டரும் வாசலில் இருக்க, ஸ்டார்ட் பொத்தான் ஒன்றை மட்டும் ரிலே வழியாகச் சுக்கானியின் இருக்கை ஓரத்தில் நீர்புகாத மூடியோடு வைத்துக்கொள்ளலாம். அதில் ஓடும் மின்சாரம் அற்பம். அதை நான் எதிர்க்கமாட்டேன்.

எல்லா மீட்டரையும் ஒழித்துவிட்டு ஜி.பி.எஸ். திரையிலேயே எஞ்சின் விவரங்களைக் காட்டலாம் என்பது அண்மைக்கால வாதம். திரை செத்தால் வரைபடமும் எஞ்சினும் ஒன்றாய்ச் சாகும். அபாயமணியும் திரைக்குள் குடிபோய்விட்டால் திரையை அணைத்து வைத்திருக்கும் மாலையில் எஞ்சின் ஊமை. திரை கூடுதலாக இருக்கட்டும், மணி தனியாக இருக்கட்டும். சுவிட்ச், கம்பி, மணி என்பதற்குமேல் அந்தச் சுற்றில் எதுவும் இருக்கக் கூடாது.

த்ராட்டிலும் கியரும் தூணுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன், அந்த வேலையையும் பாதியாகச் செய்கிறார்கள். பழைய கேபிளையே நீட்டிப்பது, இடமில்லையென்று கூர்மையாக மடிப்பது. பொதுவாகப் பயன்படும் 33சி ரகக் கேபிளை 20 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. ஒவ்வொரு வளைவும் உராய்வைக் கூட்டும். மேலே நெம்புகோல் முழுசாகச் சாய்ந்துவிட்டதாகக் கை சொல்லும், கீழே கியர்பெட்டியின் கை முக்கால்தான் போயிருக்கும். இந்தப் படகுகளில் பல வைத்திருக்கும் ஹர்த் கியர்பெட்டியில் கை கடைசிவரை போகாவிட்டால் கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரியும். ஆகவே புதுக் கேபிள் போட்டபின் சோதனையைத் தூணில் நின்று செய்யாதீர்கள். ஒருவர் மேலே நெம்புகோலைத் தள்ள, இன்னொருவர் கீழே படுத்துக் கியர்பெட்டியின் கையைப் பார்க்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு பக்கமும் முழு வீச்சுக்கும் போக வேண்டும், நடுவில் நியூட்ரல் தெளிவாக விழ வேண்டும். தூணின் தலையில் சிவப்புக் கைப்பிடி த்ராட்டில், கறுப்பு கியர். இரண்டையும் பார்க்காமலே கை கண்டுபிடிக்கும், அதுதான் அங்கே அவை இருக்க வேண்டிய நியாயம்.

பலகை போனபின் காக்பிட் பள்ளத்தில் ஒரு பெரிய ஓட்டை மிஞ்சும். அக்ரிலிக் தகடு ஒன்றை சிலிகான் வைத்து ஒட்டிவிட்டு முடிந்தது என்கிறார்கள். காக்பிட் என்பது தண்ணீர் நிறைந்து வடியும்படி கட்டிய தொட்டி. அலை ஏறி அது நிறையும்போது அந்தத் தகடு உதிர்ந்தால் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் படகுக்குள் போகும். ஓட்டையின் விளிம்பை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் தேய்த்து, கண்ணாடிஇழைத் துணியும் எபாக்சியும் அடுக்கடுக்காக வைத்துச் சுவரைச் சுவராக்குங்கள். வாசல் பக்கம் புதிதாக வெட்டும் ஓட்டைகளின் விளிம்பில் தெரியும் மரத்துக்கும் எபாக்சி பூச மறக்காதீர்கள். ஈரம் குடித்த மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும், வெளியே தெரியும்போது சுவர் போயிருக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. தூணில் துளையிட வருகிறவரைக் கொஞ்சம் நிறுத்துங்கள். முதலில் அம்மீட்டரையும் பச்சை பூத்த பிளக்குகளையும் கழற்றிப் போடுங்கள். மணியைச் சுக்கானியின் காதுக்கருகே மாற்றி, ஆயில் சுவிட்சின் கம்பியையும் வெப்ப சுவிட்சின் கம்பியையும் ஒவ்வொன்றாக எஞ்சின் உடம்பில் தொட்டு அது அடிக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தில் நிற்கிறவருக்கு, எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது, அது கேட்க வேண்டும். கேட்காதவரை வேறு எந்த வேலைக்கும் பணம் கொடுக்காதீர்கள்.